துன் நகருக்குப் போன அம்மிக்கல்

கல்யாணத்துக்கு அம்மி வேண்டும். மணமகள் அதன்மேல் பாதம் வைக்க வேண்டும், மணமகன் குனிந்து அவள் விரலில் மெட்டி போட வேண்டும். சுவிஸில் மண்டபம் கிடைக்கும், மணவறை வாடகைக்குக் கிடைக்கும், வாழைமரம்கூடச் சொல்லிவைத்தால் வந்துசேரும். அம்மி மட்டும் எல்லார் வீட்டிலும் இல்லை. என் மச்சாளிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம், ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த கருங்கல். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு ஒரு கிழமைக்கு ஞாபகம் வைத்திருக்கும். அந்தக் கல்லையும் மச்சாளின் மகளையும் ஒரே காரில் ஏற்றி, தை மாதப் பனியில், நாங்கள் இருக்கும் ஆரா நகரிலிருந்து துன் வரைக்கும் ஓடிக்கொண்டு போனவள் நான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, மறுபடியும் ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதனாலோ என்னவோ, ஒருமுறை கேட்டால் விளங்கிவிடும் என்ற துணிவு எனக்கு வந்ததேயில்லை. கேட்டதையே திரும்பவும் கேட்பேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. காலையில் பேருந்து பிந்திவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பதற்றம் தாங்க முடியாமல்தான் கார் ஓடப் பழகினேன். பழகியதும் என் பயத்துக்குப் புது வேலை கிடைத்தது.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் போகும் வழியில் ஒரு சுற்றுவட்டத்தில் கார் கொஞ்சம் சறுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து நாள்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் பனியில் ஓடப் பழக்குகிற வகுப்பு ஒன்றுக்குப் பதிந்தேன். வகுப்பில் எல்லோரும் இளம் ஆட்கள், நான் ஒருத்திதான் கம்பளித் தொப்பிக்குக் கீழே பொட்டு வைத்திருந்தவள். பழக்கிய சுவிஸ்காரப் பெண் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்தார். ஓடச் சொன்னார். தான் கையைக் காட்டியதும் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கார் நின்றது, போத்தல் நிற்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தால் பறந்து வந்து முன்கண்ணாடியில் அடித்து விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து என் காரில் ஒரு குடைகூடச் சும்மா கிடந்ததில்லை.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன். மார்கழியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்வதில்லை. தை பிறந்ததும் செய்வார்கள். பஞ்சாங்கத்தை இந்த நாட்டு நேரத்துக்கு மாற்றிக் கணித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். பனியைக் கணித்துச் சேர்க்கத்தான் ஒருவரும் இல்லை. என் மருமகளுக்கு, அதாவது மச்சாளின் மகளுக்கு, வந்த நாளும் அப்படி ஒரு நாள்தான். மாப்பிள்ளை வீட்டார் துன் ஆட்கள். மண்டபமும் அங்கேதான். மச்சாளின் கணவரும் மகனும் மணவறை வேலைகளைப் பார்க்க முதல் நாளே போய்விட்டார்கள். மணமகளையும் மச்சாளையும் தாய்மாமனான என் கணவர் காலையில் ஏற்றிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. ஆனால் அவர் மார்கழியில் எங்கள் வாசற்படியிலேயே வழுக்கி விழுந்து, தோளில் சத்திரசிகிச்சை செய்து, கையைக் கழுத்தில் கட்டிய பட்டியில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்.

அப்படியென்றால் யார் ஓடுவது என்று தொலைபேசியில் பெரிய கதை நடந்தது. சூரிச்சில் இருக்கும் ஒரு தம்பியைக் கேட்போம் என்றார்கள், வாடகைக்கு ஆள் பிடிப்போம் என்றார்கள். என் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மருமகள்தான் எடுத்தாள்.

"மாமி ஓடட்டும். மாமி ஓடினால்தான் எனக்கு வயித்தைப் பிரட்டுறேல்லை. கலியாணத்தண்டு சத்தி எடுத்துக்கொண்டு போய் இறங்கச் சொல்லுறீங்களோ?"

அதோடு நான்தான் ஓடுவது என்று முடிவாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்னே நாங்கள் மச்சாள் வீட்டுக்குப் போனோம். பனி மெதுவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மணமகள் வீட்டை விட்டு வெளிக்கிட நல்ல நேரம் ஏழு மணிக்கு முன்னமே முடிந்துவிடும் என்று மச்சாள் கறாராகச் சொல்லியிருந்தா. நான் காரின் பனியைத் தட்டத் தொடங்கினேன். முன்கண்ணாடியோடு விடுகிற பழக்கம் எனக்கில்லை. கூரை, விளக்குகள், பின்கண்ணாடி, இலக்கத் தகடு எல்லாவற்றையும் தட்டினால்தான் எனக்குச் சரி. கூரையில் விட்ட பனி, பிரேக் பிடிக்கும்போது முன்கண்ணாடிக்கு வழிந்து வரும், இல்லையென்றால் பின்னால் வருகிறவனின் கண்ணை மறைக்கும்.

மச்சாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன பிள்ளை, காரைத் தோய வாத்து, சந்தனமும் பூசித்தான் எடுக்கப் போறியோ?"

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள், முடிஞ்சுது."

"நேரம் முடியப் போகுது, உனக்கு இன்னும் தூசி தட்டி முடியேல்லை."

நான் பனி தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மேல்மாடியில் இருக்கும் பெடியள் இரண்டு பேரைப் பிடித்து மச்சாள் என் காரின் பின்பக்கத்தில் சாமான்களை ஏற்றுவித்திருந்தா. ஒற்றைக் கையால் சைகை காட்டி என் கணவர் மேற்பார்வை செய்தார். கதவை மூட முன்னம் எட்டிப் பார்த்தேன்.  அடியில் சப்பாத்துப் பைகள். அதன்மேல் உடுப்புப் பெட்டிகள். அதன்மேல் பலகாரப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் உச்சியில், பட்டுத்துணியில் சுற்றி, பூவும் வைத்து, அம்மிக்கல். சாமியறையில் இருந்து இறக்கிய மாதிரி அது அங்கே வீற்றிருந்தது. அதற்கு நேர் முன்னால் பின் இருக்கையின் தலைசாய்ப்பு. அங்கேதான் மணமகள் இருக்கப் போகிறாள்.

"மச்சாள், கல்லைக் கீழை வைக்கோணும்."

"என்ன கதை கதைக்கிறாய்? மங்கலக் கல்லைச் சப்பாத்துக்குக் கீழை வைப்பினமோ? பிள்ளை மிதிச்சு வாழப்போற கல்லு."

"இப்பிடி வைச்சால்..."

"வாயிலை நல்ல சொல்லு வரட்டும். நேரம் முடியுது. வெளிக்கிடுற நேரத்திலை வாசலிலை வைச்சுச் சாமானை இறக்கி ஏத்தக்கூடாது. ஏறு."

மருமகள் குளிர்ச் சட்டைக்குள் கையை மடக்கிக்கொண்டு, தலையில் பூவோடும் கையில் மருதாணியோடும் வாசலைத் தாண்டி வந்தாள். மச்சாள் தேங்காய் உடைத்தா. இனி அந்த வாசலில் நின்று பெட்டி இறக்கினால் பெரிய பிழையாகப் போய்விடும் என்று எனக்கும் தெரியும். நானும் அதை நம்புகிறவள்தான். ஏறினேன். எடுத்தேன்.

தெரு முனை திரும்பியதும் ஒரு பெற்றோல் நிலையம் இருக்கிறது. பனி விழாமல் மேலே கூரை. நடக்கிற வேகத்தில் போய் அதற்குள் திருப்பி நிறுத்தினேன்.

"பெற்றோல் அடிக்கேல்லையோ?" என்று கேட்டா மச்சாள்.

"அடிச்சிருக்கு. நல்ல நேரத்திலை வீட்டை விட்டு வெளிக்கிட்டாச்சு மச்சாள். இப்ப நாங்கள் வழியிலை நிக்கிறம். வழியிலை சாமானைச் சரிப்பண்ணலாம்தானே?"

 பின் இருக்கையில் மருமகள் சிரிக்கத் தொடங்கினாள். என் கணவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "அக்கா, சட்டப்படி அவ சொல்லுறது சரி" என்றார்.

"நீ வாயை மூடு தம்பி. பெண்சாதிதாசன்."

நான் இறங்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கல்லை இறக்குவதுதான் பாடு. சலவைக்கூடத்தில் ஈரத்துணிக் கூடைகளைத் தூக்குகிறபோது எங்களுக்குச் சொல்லித் தந்த முறை உண்டு: முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே, சுமையை உடம்போடு அணை, தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருகாதே. "மாமி, மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறன்" என்று மருமகள் இறங்கி வந்தாள்.

"கலியாணப் பொம்பிளை கல்லுத் தூக்கிறதோ? ஊரிலை இப்பிடி ஒரு கூத்தை நான் கண்டதில்லை" என்று மச்சாள் கத்தினா. ஆனால் காருக்குள் இருந்துதான் கத்தினா. வெளியே நல்ல குளிர்.

சப்பாத்துப் பைகளை முன் இருக்கைக்குக் கீழே, கணவரின் காலடிக்கு அனுப்பினேன். பின்தளத்தில் வழுக்காத றப்பர் விரிப்பு எப்போதும் கிடக்கும். அதன்மேல், மண்டபத்தில் விரிக்கவென்று கொண்டுவந்த புது வெள்ளைத் துணியை மடித்துப் போட்டேன். கல்லைப் படுக்கையாக, பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்தேன். குழவியைத் துவாயில் சுற்றி இடுக்கில் செருகினேன். தளத்தில் இருக்கும் இரும்பு வளையங்களில் பட்டியைக் கோர்த்துக் குறுக்கே இழுத்து இறுக்கி, கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. திரும்பவும் ஆட்டினேன். பெட்டிகளை அதற்குப் பின்னால் நெருக்கி அடுக்கினேன். எதுவும் இருக்கையின் உயரத்தைத் தாண்டவில்லை. பின்கண்ணாடியால் தெரு முழுக்கத் தெரிந்தது.

"பாருங்கோ மச்சாள். புது வெள்ளை விரிச்சுத்தான் வைச்சிருக்கிறன். மேலை ஒண்டும் இல்லை. அடியிலை சப்பாத்தும் இல்லை."

மச்சாள் திரும்பிப் பார்த்தா. "பூ நசியாமல் வைச்சியோ?" என்று மட்டும் கேட்டா. அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியபோது பனி தடித்துவிட்டது. வேகம் குறைந்தவர்களுக்கான வலது ஒழுங்கையில், லொறிகளின் சுவட்டில், மெதுவாகப் போனேன். எனக்கு முன்னால் போகிற வாகனத்துக்கும் எனக்கும் இடையில் நல்ல இடம் விட்டேன். அந்த இடத்தைக் கண்டவர்களெல்லாம் அதற்குள் வந்து நுழைந்தார்கள். நுழைந்தால் நுழையட்டும் என்று நான் மறுபடியும் பின்வாங்கி இடம் விட்டேன்.

"இஞ்சேர், நீர் விடுற இடைவெளியிலை ஒரு ஊரையே குடியேத்தலாம்" என்றார் கணவர்.

"குடியேறட்டும்."

"இப்பிடியே பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தால் திரும்பி ஆராவுக்குத்தான் போவம்."

மருமகள் கைபேசியில் யாருக்கோ எழுதிக்கொண்டு சிரித்தாள். மச்சாள் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தா.  என் இரண்டு தோள்களும் காதுவரை ஏறி நின்றன. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: பயந்துகொண்டு ஓடுகிறவளின் கண் எங்கும் போகாது. அது தெருவில்தான் இருக்கும்.

பேர்ன் நகரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் பனிக்குள் சிவப்பு விளக்குகள், வரிசையாக, அசையாமல். வாகனங்கள் அடைபட்டு நிற்கின்றன என்று விளங்கியபோது என் கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்தது. முதலில் மெதுவாக, பிறகு முழுப் பலத்தோடு. மிதிகட்டை காலுக்குக் கீழே நடுங்கியது. அந்த நடுக்கம் பழுதில்லை, சில்லுகள் இறுகிப்போகாமல் கார் தானாகச் செய்கிற வேலை, காலை எடுக்காதே என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எடுக்கவில்லை. கார் நேராகப் போய், நேராக நின்றது. முன்னால் இன்னும் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

அபாய விளக்கைப் போட்டுவிட்டுப் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு வெள்ளை வான் வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை, வழுக்கி வந்தது. அதன் மூக்கு கொஞ்சம் சரிந்திருந்தது. நான் பிரேக்கை விட்டு, முன்னால் இருந்த அந்த இடத்துக்குள் காரை உருட்டிக்கொண்டு போனேன். வான் நான் முதலில் நின்ற இடத்துக்கு வந்து நின்றது. அதன் சாரதி இரண்டு கையையும் சுக்கானில் வைத்தபடி என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கையைத் தூக்கினான்.

காருக்குள் எந்தப் பொருளும் நகரவில்லை. பலகாரப் பெட்டிக்குள் எங்கோ ஒரு முறுக்கு உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் நாலு பேரும் இடுப்புப் பட்டியில் தொங்கி மறுபடியும் இருக்கையில் விழுந்திருந்தோம். மச்சாள் மெதுவாகத் திரும்பி, மகளின் தலைக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தா. பெட்டிகளின் உச்சியில் காலையில் கல் இருந்த இடம் அது. நெடுநேரம் பார்த்தா. பிறகு மகளின் பிடரியில், பூவுக்குக் கீழே, கையை வைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினா.  என் கணவர் நல்ல கையால் என் முழங்காலை ஒருமுறை தட்டினார்.

அதோடு பயணம் முடிந்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. வரிசை அசையவேயில்லை. முகூர்த்தம் முற்பகல் கடைசியில். மணமகளுக்குக் கூறைச் சேலை உடுத்த வேறு நேரம் வேண்டும். மச்சாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குரல் திரும்பியது. வலது பக்க ஓர ஒழுங்கையால் ஒரு கார் எங்களைக் கடந்து போனது. பிறகு இன்னொன்று.

"பார், அவங்கள் போறாங்கள். நீயும் எடு."

"ஏலாது மச்சாள். அது அம்புலன்சுக்கும் பனி தள்ளுற வண்டிக்கும் விட்ட வழி."

"என்ரை பிள்ளையின்ரை முகூர்த்தம் தப்பினால் ஆர் பொறுப்பு? நீயோ?"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் வந்து விழுந்தது. ஏனென்றால் பொறுப்பு நான்தான். காலையில் பெற்றோல் நிலையத்தில் நான் செலவழித்த நேரம் இப்போது எங்கள் கையில் இல்லை. முகூர்த்தம் தப்பினால் வாழ்நாள் முழுக்க மச்சாளின் வாயில் அந்தப் பெற்றோல் நிலையம் இருக்கும்; மருமகளின் மனதிலும் ஒரு மூலையில் இருக்கும். கை சுக்கானைத் திருப்பிவிடும்போல இருந்தது. திருப்பவில்லை.

"ஓம் மச்சாள், நான்தான் பொறுப்பு" என்றேன். "பிள்ளையை முழுசாக் கொண்டுபோய் விடுறதும் என்ரை பொறுப்புத்தான்."

மருமகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மாப்பிள்ளை இல்லாமல் நான் கட்டேலாது. நான் இல்லாமல் அவராலையும் கட்டேலாது. பயப்பிடாதேங்கோ" என்றாள்.

கொஞ்சம் கழித்துப் பின்னாலிருந்து மஞ்சள் விளக்குச் சுழல, பனி தள்ளும் வண்டி அந்த ஓர ஒழுங்கையால் வந்தது. முன்னால் போன கார்கள் இரண்டும் தூரத்தில் வழியை அடைத்து நின்றதால், அதன் ஊதல் நெடுநேரம் கேட்டது. மச்சாள் அதைக் கேட்டா.  மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டா.

வழி திறந்தது. துன் மண்டப வாசலில் நான் காரை நிறுத்தியபோது மச்சாளின் கணவர் வேட்டிக்கு மேலே பனிச்சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறைய இல்லை, சேலை உடுத்தப் போதுமான நேரம். ஆனால் அவருடைய முகத்தில் வேறு ஏதோ கலக்கம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் இன்னும் வரேல்லை" என்றார்.

மாப்பிள்ளையின் வீடு அதே ஊரில், ஒரு மேட்டில் இருக்கிறது. நடந்துகூட வரலாம். நடந்தது என்னவென்றால், அவர்கள் முதல் நாள் பின்னேரமே மாப்பிள்ளைக் காருக்குப் பூவும் நாடாவும் கட்டி அலங்காரம் செய்து வெளியே விட்டிருக்கிறார்கள். அதன்மேல் பனி விழுந்திருக்கிறது. பனியைத் தட்டினால் அலங்காரம் போய்விடும் என்று யாரும் தொடவில்லை. விடிந்தபோது பூவும் பனியும் கதவும் ஒரே கட்டியாக உறைந்து கிடந்ததாம். சுடுதண்ணீர் ஊற்றினார்களாம், அதுவும் உறைந்ததாம்.

மருமகளுக்குச் சேலை உடுத்தி முடிகிற நேரத்தில் நகரப் பேருந்து மண்டபத்துக்கு எதிரே வந்து நின்றது. அதிலிருந்து தலைப்பாகையும் பட்டு வேட்டியும் பனிச் சப்பாத்துமாக மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் தாய், தகப்பன், தட்டங்களோடு உறவுக்காரர். பேருந்துச் சாரதி ஊதல் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

மச்சாள் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றா. அவவின் நிமிர்வைப் பார்க்க வேண்டும். "வாங்கோ, வாங்கோ" என்று சம்பந்திக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டே, "நாங்கள் ஆராவிலையிருந்து வந்து, உடுத்தும் முடிச்சிட்டம்" என்றா.

"இந்தப் பனிக்குள்ளையோ? ஆர் ஓடினது?"

"என்ரை தம்பியின்ரை மனிசி. இஞ்சை நிக்கிறா. அம்மிக்கல்லையும் ஏத்தி, பிள்ளையையும் ஏத்தி, ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல் கொண்டுவந்தவ. வழியிலை பெரிய வான் ஒண்டு வழுக்கி வந்தது. இவ என்ன செய்தவ தெரியுமோ?"

பிறகு மச்சாள் அந்தக் கதையைச் சொன்னா. வான் லொறி ஆனது. இடைவெளி இன்னும் குறுகியது. பெற்றோல் நிலையத்தில் கல்லை மாற்றி வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது தான்தான் என்பதுபோலவும் ஒரு இடத்தில் வந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அதைத் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முகூர்த்தம் முடிந்து, மெட்டி போட்டு, எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்திய பிறகு, மாப்பிள்ளையின் தாய் பந்தியில் என்னைத் தேடி வந்தா.

"தங்கச்சி, எங்கடை கார் இண்டைக்கு எழும்பாது போலை கிடக்கு. பின்னேரம் பொம்பிளை மாப்பிள்ளையை வீட்டை கொண்டுபோய் விடுவீரோ?"

நான் வாய் திறக்க முன்னம் பக்கத்து இலையிலிருந்து மச்சாள் சொன்னா:

"ஓம், ஓடுவா. ஆனால் சாமானெல்லாம் அவ சொல்லுற மாதிரித்தான் ஏத்தோணும். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஓம் அம்மா, நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன். யோசிக்காமலே சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்னவை மிகக் குறைவு. கொஞ்ச நேரம் அந்தச் சந்தோசத்திலேயே பாயாசத்தைக் குடித்தேன். பிறகு கணவரின் பக்கம் சாய்ந்து, மாப்பிள்ளை வீட்டு மேடு எவ்வளவு செங்குத்து, அங்கே பனி கரையத் தெருவில் உப்புப் போட்டிருப்பார்களோ, ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருவோமோ என்று கேட்டேன்.